ரிலீவர் வராத திங்கட்கிழமை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே நின்றுவிட்டேன். இதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. என் மெஸ்ஸில் சாப்பிட்டுக் கை கழுவி, ரசம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போகிற எஞ்சினியர்களிடமும் இதைத்தான் சொல்வேன். நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ‘பெல்ட்டுக்காரர் மெஸ்’ என்று கேளுங்கள். எந்த ஆட்டோக்காரரும் மறு கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்.

பெல்ட்டுக்காரர் என்பது நான்தான். சுரங்கத்தின் அடியிலிருந்து கரியை மேலே கொண்டுவரும் ரப்பர் பெல்ட்டுக்குக் கீழே, சிந்துகிற கரியையும் மண்ணையும் வாரிப்போடும் வேலையைப் பதினாறு வருஷம் காண்ட்ராக்ட்டில் செய்தேன். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் பர்மனென்ட் ஆனார்கள். நான் ஆகவில்லை. நல்லதாகப் போயிற்று. ஆகியிருந்தால் இன்று காலை நடையும் பென்ஷனுமாக இருந்திருப்பேன். சைக்கிளில் இரண்டு தூக்குவாளியோடு நான் ஆரம்பித்த சாப்பாடு, இன்று மூன்று ஷிப்டுக்கும் வேனில் போகிறது. யாரும் கைதூக்கி விடவில்லை. நானே ஏறினேன். இதை எழுதும்போது பிழை திருத்தித் தருகிற என் மருமகள், பெருமையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். அவள் சொன்னதில் அதை மட்டும் நான் கேட்கவில்லை.

டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில், பார்வை இல்லாத, காது கேட்காத, ஒன்றைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் எடுக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு டீச்சர் இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும் வருஷத்தில், வெளியே ஏதாவது ஒரு வேலையிடத்தில் சில வாரம் விட்டுப் பழக்குவார். பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் பிள்ளை வீட்டுக்குள் போய் மூலையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஜெராக்ஸ் கடை, துணிக்கடை, செடி விற்கிற நர்சரி என்று ஏறி இறங்கி, எல்லா இடத்திலும் ‘பார்க்கலாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பார்க்கலாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. “நாளைக்கே அனுப்புங்க” என்றேன். இன்றுவரை ஐந்து பிள்ளைகள் என் மெஸ்ஸில் பழகியிருக்கிறார்கள். முதலில் வந்தவளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். பதினேழு முடிந்து பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. முதல் நாளே குவார்ட்டர்ஸிலிருந்து வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். டவுன்ஷிப் ரோடெல்லாம் அளவெடுத்துப் போட்டது. மூலைக்கு மூலை நேராகத் திரும்பும். எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருப்பதால் கண் உள்ள எனக்கு இன்றும் வழி தப்பும். அவளுக்குத் தப்பாது. வாசலில் வந்து நின்று, “வணக்கம் அங்கிள்” என்றாள். எழுபதைத் தொட்ட என்னை அதுவரை யாரும் அங்கிள் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் அச்சடித்த ஒரு பாரம் கொண்டுவந்திருந்தார். அதில், ‘மாணவி என்ன செய்ய விரும்புகிறார்?’ என்று ஒரு கேள்வி.

“வெங்காயம் உரிக்கலாம்னு எழுதுங்க. உக்காந்த எடத்துல செய்யலாம். கால் வலிக்காது” என்றேன்.

“ஐயா, கேள்வி அவளுக்கு” என்றார் டீச்சர்.

“அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?”

அவளும் மரியாதைக்கு ஒரு வாரம் வெங்காயம் உரித்தாள். எட்டாம் நாள், “அங்கிள், இது எனக்குப் பிடிக்கல. கண்ணுல தண்ணி வர்றதுக்கு எதுக்கு எனக்கு ஒரு வேலை?” என்றாள். சமையல்கட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் கொடுத்த வேலையைப் பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அப்போது போனில் வருகிற ஆர்டரை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேகமாக எழுத வராது. சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொள்வேன். படுத்த கோடு தயிர்சாதம், நின்ற கோடு சாம்பார்சாதம், சுழி போட்டால் முட்டை. ஒரு நாள் அடுப்பில் தாளிதம் கருகுகிறது, போன் அடிக்கிறது. நான் இங்கே ஓடுவதா அங்கே ஓடுவதா என்று நிற்கும்போது அவளே போனை எடுத்துவிட்டாள். பன்னிரண்டு பார்சல், அதில் நாலு முட்டை, இரண்டுக்குக் காரம் குறைவு. எல்லாவற்றையும் கேட்டு, தன் கைபேசியில் தட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் கைபேசி அவள் தட்டியதைத் திருப்பிப் படித்துக் காட்டுகிறது. அது பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளுக்கு எல்லாம் பிடிபட்டது. அன்றைக்கு வேன் ஒரு பொட்டலம்கூட மாறாமல் போய்ச் சேர்ந்தது. அப்படி அதற்கு முன்பு நடந்ததே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலமே சுவருக்கு வெள்ளையடித்துவிட்டேன். டீச்சர் பாரத்தை எடுத்து, வெங்காயத்தை அடித்துவிட்டு, ‘போன் ஆர்டர்’ என்று எழுதினார். பரீட்சை முடிந்ததும் சம்பளத்துக்கு வரச் சொன்னேன். மெஸ்ஸில் விடியற்காலை வேலை, ராத்திரி வேலை எதுவும் அவளுக்கு இல்லை. காலை பத்திலிருந்து நாலு வரை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பா நிலக்கரிக் கம்பெனி வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அது இங்கே எல்லாருக்கும் உள்ளது. அவர்களுக்குச் சொந்த வீடு குள்ளஞ்சாவடியில். அங்கிருந்து வடலூருக்கு ஒரு பஸ், வடலூரில் இறங்கி ஆர்ச் கேட்டுக்கு இன்னொரு பஸ். அவளுடைய அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அதனால் நான் அவருக்கு அண்ணாச்சி. ஒரு நாள் மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்:

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இனிமே அவளை அனுப்ப மாட்டேன். டவுன்ஷிப்புக்குள்ள வேற. அங்க கரும்பு லாரியும் கரி லாரியும் போற ரோடு. பஸ் ஸ்டாண்டுல யாரு எந்தப் பக்கம் இடிப்பாங்கன்னு கண்ணு இருக்கவளுக்கே தெரியாது. நான் இருக்க வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்.”

“நீ இல்லாத அன்னிக்கி நான் என்னம்மா பண்றது?” என்றாள் மகள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாப்பிட வந்தவர்கள்கூடச் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

டீச்சர்தான் சமாதானம் பேசினார். பதினைந்து நாள் அவளை அந்த வழியில் பழக்குவது. முதல் ஐந்து நாள் டீச்சர் கூடவே வருவார். அடுத்த ஐந்து நாள் பத்தடி பின்னால். கடைசி ஐந்து நாள் அடுத்த பஸ்ஸில். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் யாரும் இல்லாமல் தானாக வர வேண்டும். காலை பத்து மணிக்கு மெஸ்ஸில் இருந்தால் வேலைக்கு வரலாம். இல்லையென்றால் அம்மா சொன்னபடி வீடு. அம்மா நெடுநேரம் யோசித்துத் தலையாட்டினார்.

பதினைந்து நாளும் நன்றாகவே நடந்தது. டீச்சர் திருப்தியாக இருந்தார். நான்தான் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பிள்ளையை அந்தரத்தில் விடுவதாவது? நான் எதற்கு இருக்கிறேன்? குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலி வரைக்கும் எனக்குத் தெரியாத டீக்கடை உண்டா? யாரிடமும் சொல்லாமல் ஒரு ஏற்பாடு செய்தேன். செய்யும்போது அதை என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஏற்பாடு என்றே நினைத்தேன்.

பெல்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற பெல்ட்டை ஆள் இல்லாமல் விடக் கூடாது. உன் ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், நேரில் வந்து நிற்க வேண்டும். என்ன நிலைமை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘நான் பாத்துக்கறேன், நீ போ’ என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நீ நகரலாம். ரிலீவர் வரவில்லையா, நீயே அடுத்த ஷிப்டும் நில். இந்தச் சட்டத்தால் எத்தனையோ பேர் உயிர் தப்பியிருக்கிறார்கள். பெல்ட்டுக்குச் சரியாக இருந்தது பிள்ளைக்குச் சரியாக இருக்காதா?

குள்ளஞ்சாவடியில் ஒரு ஆட்டோக்காரர் அவள் ஏறும் பஸ்ஸைப் பார்த்து வடலூருக்குப் போன் போட வேண்டும். வடலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற பாய் அவளை பஸ் படியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அவரும் என்னோடு பெல்ட்டில் நின்றவர்தான். தினமும் கூடையோடு ஆர்ச் கேட்டுக்கு வருகிற பழக்காரம்மாதான் பாய்க்கு ரிலீவர். அந்தம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கூட்டிவந்து என் வாசலில் விட்டுவிடும். பாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்: “ரிலீவர் நேர்ல வராம புள்ளைய விடக் கூடாது. போன்ல எவன் சொன்னாலும் கேக்காத. நானே சொன்னாலும் கேக்காத.”

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அம்மா வந்துவிட்டார். மகள் தனியாக வர வேண்டும் என்பதற்காக அவர் விடியற்காலை பஸ்ஸிலேயே வந்து, டவுன்ஷிப்பில் பழைய அக்கம்பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். டீச்சரும் வந்தார். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து அடித்தது. பத்தேகால். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு டீச்சர் பொறுக்கமாட்டாமல் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“எங்கம்மா இருக்க?”

“வடலூர்ல, மிஸ். டீக்கடையில.”

“டீக்கடையில என்ன பண்ற?”

“மூணாவது டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். விட மாட்டேங்கிறாங்க, மிஸ்.”

அம்மா எழுந்துவிட்டார். “யாருட்டீ விட மாட்டேங்கா?”

“ஒரு பாய்ம்மா. பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கையப் புடிச்சாரு. நல்லவருதான். ஆனா ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. கண்டக்டர் ஆர்ச் கேட் ஆர்ச் கேட்னு கூப்பிடுறது எனக்கு நல்லாவே கேக்குது. கேட்டா, ரிலீவர் வரணும்கிறாரு.”

மேஜையில் இருந்த இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் போனைப் பிடுங்கி, அவள் போனைப் பாயிடம் கொடுக்கச் சொன்னேன்.

“யோவ் பாய்! புள்ளைய பஸ் ஏத்தி வுடுய்யா!”

“யாரு பேசறது?”

“நான்தான்யா!”

“நீயே சொன்னாலும் வுடாதன்னு நீதானய்யா சொன்ன?”

“அது சொன்னேன். இப்ப வுட சொல்றேன்.”

“அத நேர்ல சொன்ன. இத போன்ல சொல்ற. நேர்ல சொன்னதுதான் கணக்கு.”

“பழக்காரம்மா எங்க?”

“அத ஏன் கேக்கற? தம்பி பொண்ணுக்குக் காதுகுத்துன்னு நேத்தே நெல்லிக்குப்பம் போயிடுச்சாம். பக்கத்துக் கடையில சொன்னாங்க. நீ ஒண்ணும் கவலைப்படாத. நான் உக்காந்துகினுதான் இருக்கேன். நாளைக்கி வரைக்கும்னாலும் உக்காந்துகினு இருப்பேன். நாம பாக்காத டபுள் ஷிப்டா?”

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அந்த மனுஷன் அப்படித்தான். ஒருமுறை மழையில் ரிலீவர் வராமல் மறுநாள் மத்தியானம் வரை பெல்ட்டடியில் நின்ற ஆள். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெல்ட்டடி மேஸ்திரிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. “பதினஞ்சு நாள் ஐயா,” என்றார், “பதினஞ்சு நாள் நான் அவளுக்குக் கத்துக்குடுத்ததே யாரு கையையும் புடிக்காம வர்றதுக்குத்தான்.”

நான் பதில் சொல்வதற்குள் போனில் அவள் குரல் கேட்டது. எங்களிடம் பேசவில்லை. பாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாய், உங்க ரூல்படி ரிலீவர் என்ன செய்யணும்?”

“நேர்ல வந்து நிக்கணும்மா.”

“நான் நேர்லதானே நிக்கிறேன்?”

“நீ நிக்கற. அதுக்கு?”

“அப்புறம் என்ன செய்யணும்?”

“என்ன நெலமன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கணும்.”

“தடி ஒண்ணு, கையில இருக்கு. பை ஒண்ணு, தோள்ல இருக்கு. போன் சார்ஜ் பாதி இருக்கு. டீ மூணு, வயித்துல இருக்கு. கை கால் எல்லாம் நல்லா இருக்கு. வேற ஏதாவது இருக்கா பாய்?”

 பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

“வேற ஒண்ணும் இல்லியே” என்றார் பாய்.

“அப்ப நான்தான் ரிலீவர். என்னை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க.”

“ரிலீவர் வேற ஆளா இருக்கணும்மா…”

“அப்படி ரூல்ல இருக்கா?”

 பெல்ட்டடியில் நானும் அவரும் அந்தச் சட்டத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம். வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதே இல்லை. சொல்லவேண்டிய தேவை வந்ததில்லை.

“இல்ல” என்றார் பாய். பிறகு எழுந்து நின்றிருப்பார் போல, பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. “சரிம்மா. ஒப்படைச்சிட்டேன். பஸ்ஸு அதோ நிக்குது.”

“தெரியும் பாய். இன்ஜின் சத்தம் கேக்குது. கூட வராதீங்க.”

“வரல வரல. ஷிப்ட் முடிஞ்சவன் எதுக்கு வரப் போறேன்?”

போன் கட்டானது.  அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பத்து மணிக்கு என்ற நிபந்தனைக்குத் தலையாட்டியவர் அவர். மணி பத்தே முக்கால். ஒரு பெண்ணின் முழு எதிர்காலத்தையும் மூன்று டீயில் முடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

“தங்கச்சி,” என்றேன் கடைசியில், “லேட்டுக்கு அவ காரணம் இல்ல. தப்பு என்னுது.” இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லி என் மருமகள்கூடக் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அம்மா மேஜையை விட்டு நகர்ந்தார். வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நாங்களும் பின்னால் போய் நின்றோம். பதினொன்று பத்துக்கு ஆர்ச் கேட் நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்று போனது. ஆட்கள் கலைந்த பிறகு வெள்ளைத் தடி தெரிந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஏதோ கேட்டு அருகில் வந்தார். அவள் தலையசைத்துச் சிரித்து ஏதோ சொன்னாள். அவர் நகர்ந்துகொண்டார். ரோட்டோரத்தில் நின்று காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது. என் கால் தானாக ஒரு எட்டு முன்னே போயிற்று. டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். இடைவெளி வந்ததும் அவள் தடியை நீட்டிக் காட்டி, நேர்க்கோட்டில் நடந்து, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள்.

“அம்மா, நீ இங்கதான் நிக்கிறியா?”

“எப்படிட்டீ தெரியும்?”

“உன் பவுடர் வாசனை. பத்து மணிய தாண்டிடுச்சா?”

“எப்பவோ தாண்டிட்டு.”

அவள் முகம் சுருங்கியது. அம்மா அவள் தோளிலிருந்து பையை வாங்கப் போனார். பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டார்.

“பஸ்ஸு, லாரி, பள்ளம்னு நான் எல்லாத்துக்கும் பயந்தேன் அண்ணாச்சி” என்றார் என்னைப் பார்த்து. “உங்கள மாதிரி ஆளு ஒருத்தர் குறுக்க வருவாருன்னு நான் பயப்படவே இல்ல. உங்ககிட்ட இருந்தே தப்பிச்சு வந்துட்டா. இனிமே அவ எங்க வேணாலும் போவா.” அதற்குப் பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “நாளையிலேர்ந்து வரட்டும். ஆனா நீங்க யாருக்கும் போன் போடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

அடுப்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். டீச்சர் சாட்சி. அன்றைக்கு எல்லாரும் என் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்கள். அம்மா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் ஒன்பதரையிலிருந்தே நான் வாசலில் நின்றேன். வாசலில் நிற்பது போன் போடுவது ஆகாது. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நின்று போனது. எதிலும் அவள் இறங்கவில்லை. பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே போன் அடிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் ஏற்கெனவே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் சமையல்கட்டு வழியாக வந்திருக்கிறாள்.

“எந்தப் பஸ்ஸுலம்மா வந்த? எங்க எறங்கின?”

“சொல்ல மாட்டேன் அங்கிள்” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள். “பெல்ட்டுக்காரர் மெஸ். சொல்லுங்கண்ணே, எத்தனை பார்சல்?”